அளந்தெடுத்த உருவம் யாருக்கு உரியது?

தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் நீங்கிய வறண்ட காற்றாக ஊவாவில் இறங்கும் காலம் யூலை முதல் செப்டெம்பர் வரையாகும். அந்நாட்களில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, நமுனுகுலை, மடுல்சீமை ஆகிய பகுதிகளின் செடிகள் வளர்ச்சி தளர்ந்து நிற்கும். அத்தளர்ச்சியிலிருந்தே உலகச் சந்தை தேடும் ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கின்றது. ஆண்டில் பத்துப் பன்னிரண்டு கிழமைகளுக்குள் அடங்கிவிடும் இந்தப் பருவத்தில் தோட்டத்து 'ஸ்டோரில்' ஒரு பொறி பழுதாகி நின்றுவிட்டால், அதனால் வரும் நட்டத்தை எஞ்சிய மாதங்களின் உழைப்பு ஈடுசெய்வது அரிது. வாட்டிய கொழுந்து பொறிக்காகக் காத்திருக்கமாட்டாது.

கொழுந்தைச் சுருட்டும் பொறியாகிய ரோலரின் அமைப்பை மலைநாட்டு மக்கள் நன்கறிவர். வட்டமான மேசை ஒன்று. அதன் நடுவே கூம்பு. கூம்பைச் சுற்றிப் பிறை வடிவான பித்தளை வரம்புகள். மேலே நிற்கும் உருளைக் கூட்டுக்குள் வாட்டிய கொழுந்து அடைபட்டிருக்கும். கூடு சுழன்று அசையும்போது கொழுந்து அவ்வரம்புகளில் உரசி, முறுக்குண்டு, சாறு கசிந்து, பதமாகச் சுருள்கின்றது. வரம்பின் வளைவும் உயரமும் சாய்வும் மாறினால் தேயிலையின் தோற்றமும் தரமும் மாறிவிடும். டீ மேக்கர் ஒருவர் சுருண்ட இலையைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த ரோலரின் வரம்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்.

இவ்வகை ரோலரின் வரலாறு பழையது. வில்லியம் ஜாக்சன் என்பவர் 1872ஆம் ஆண்டில் அசாமில் தம் முதற் பொறியை நிறுவினார். பின்னர் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் கம்பெனியார் அவருடைய பொறிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பினர். உலர்த்தும் பொறிகளுக்கு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துச் சிரோக்கோ ஆலை பேர்பெற்றது. இலங்கை மலைகளில் நிறுவப்பட்ட பொறிகளில் பல இவ்விடங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டுவித்த தொழிற்சாலை இன்றும் நிற்கின்றது. ஆனால் கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பெனியின் ஆலை நின்ற இடம் 2007ஆம் ஆண்டில் ஒரு கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது. பெல்பாஸ்டின் ஆலையும் மறைந்துவிட்டது. பொறி நிலைத்திருக்க, அதைச் செய்தவர் மறைந்துவிட்ட நிலை இது. தோட்டத்துத் தொழிற்சாலைகளில் சக்கரத்துக்கு அதிதேவதையாக ரோதைமுனியை வணங்கும் மரபு உண்டு. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் அவ்வணக்கத்தின் பொருள் பிட்டர்மாருக்கு நன்கு விளங்கும்.

ஆகவே, உடைந்த பாகத்தை அளந்து அதைப் போன்ற மற்றொன்றை வார்த்தெடுப்பது பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் தொழில். முன்னாளில் வேணியர் அளவுகோலும் மைக்ரோமீற்றரும் கொண்டு அளந்தனர். தச்சர் மரத்தில் மாதிரிக் கட்டை செதுக்கினார். மணலில் அச்சுப் பதித்து உலோகத்தை ஊற்றினர். இன்று அவ்வேலையின் முற்பகுதி கணினிக்கு மாறியிருக்கின்றது. லேசர் ஒளிக்கற்றை பாகத்தின் மேல் படிந்து செல்ல, அதன் மேற்பரப்பு இலட்சக்கணக்கான புள்ளிகளாகக் கணினிக்குள் புகுகின்றது. அப்புள்ளிகளை இணைத்து வலைபோன்ற ஓர் உருவமும், அவ்வலையை ஆதாரமாகக் கொண்டு அளவும் விளிம்பும் திருத்தமாக அமைந்த கனவுருவமும் ஆக்கப்படுகின்றன. இதுவே இலக்கமுறை உருவம். ஒருமுறை ஆக்கிவிட்டால், அதைக் கொண்டு எத்தனை பாகங்களையும் எவ்விடத்திலும் செய்யலாம். நொடிப்பொழுதில் பசறையிலிருந்து கொழும்புக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பலாம்.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. இவ்வுருவம் யாருக்கு உரியது? பொறியின் சொந்தக்காரரான தோட்டக் கம்பெனிக்கா? அளப்பதற்குக் கூலி வாங்கிய பட்டறைக்கா? பட்டறையில் மாதச் சம்பளத்துக்குக் கணினி முன் அமர்ந்து இரவு பகலாக அதை ஆக்கிய இளைஞனுக்கா? அல்லது நூறு ஆண்டுகளுக்கு முன் அப்பாகத்தைக் கற்பனை செய்தவனின் வழித்தோன்றல்களுக்கா?

மரக்கட்டையின் காலத்தில் இக்கேள்வி பெரிதாகத் தோன்றவில்லை. கட்டை ஒன்றே, அது யார் கையில் இருந்ததோ அவரிடமே வேலையும் வந்தது. கோப்பு அப்படிப்பட்டதன்று. பட்டறை அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் தோட்டத்துக்கே இரட்டை விலை சொல்லலாம். தோட்டம் அதைக் கைப்பற்றி, அளந்தவரைக் கேளாமலே வேறோரிடத்தில் ஐம்பது பாகம் வார்ப்பிக்கலாம். இரு தரப்பிலும் ஒருவர் மற்றவரைத் 'திருடர்' என்று சொல்வதற்கு இடமுண்டு. சட்டம் என்ன சொல்கின்றது என்று இருவரும் அறிந்திருப்பது நல்லது.

இப்பொருளில் உலகம் எடுத்துக்காட்டும் வழக்கு அமெரிக்காவில் நிகழ்ந்தது. டொயோட்டா கம்பெனியின் மோட்டார் வாகனங்களை விளம்பரப் படங்களில் காட்டுவதற்காக, அவற்றின் கணினி உருவங்களை ஆக்கித் தரும் பணி 2003ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்திலிருந்த மெஷ்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவர்கள் வாகனத்தின் மேல் நாடாக்களைக் கட்டங்கட்டமாக ஒட்டினர். கணினியோடு இணைந்த, மூட்டுகளில் மடங்கும் அளவுக்கோல் ஒன்றால் கோடுகள் வெட்டும் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு அளந்தனர். அளப்பதற்கு ஓரிரு நாள் போதியதாயிருந்தது. ஆனால் அவ்வளவுகளிலிருந்து கிடைத்த உருவம் கரடுமுரடானது. அதைத் திரையில் செதுக்கித் திருத்த, வாகனம் ஒன்றுக்கு 80 முதல் 100 மணி நேரம் செலவாயிற்று. சக்கரம், முகவிளக்கு, கதவுப்பிடி, கம்பெனியின் இலச்சினை ஆகியவற்றை அக்கருவியால் செம்மையாக அளக்க இயலாமையால், அவற்றைக் கண்ணால் நோக்கிக் கைத்திறனாலேயே உருவாக்கினர். இறுதி உருவத்தின் புள்ளிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கருவி தந்தவை அல்ல, செதுக்கியவர் கை தந்தவை.

ஒரே ஒரு தொலைக்காட்சி விளம்பரத்துக்காகவே அவ்வுருவங்களைத் தந்ததாக மெஷ்வொர்க்ஸ் கருதியிருந்தது. டொயோட்டாவும் அதன் விளம்பர முகவரும் வேறு விளம்பரங்களிலும் அவற்றைப் பயன்படுத்தவே, பதிப்புரிமை மீறப்பட்டதென்று வழக்குத் தொடுத்தது. 2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பத்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச். அவர் பின்னர் 2017இல் அந்நாட்டு உயர்நீதிமன்றத்துக்கு நியமனம் பெற்றார்.

தீர்ப்பின் சாரம் இது. அந்நிறுவனத்தார் உழைத்தனர் என்பதிலும், அவ்வுழைப்புக்குத் தேர்ந்த திறன் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அவர்கள் நாடியது என்ன? டொயோட்டா வாகனம் எப்படி இருக்கின்றதோ அப்படியே காட்டுவது. தாமாக ஒரு வளைவைச் சேர்த்திருந்தால் அதுவே அவர்களுடைய வேலையின் குறையாகியிருக்கும். வாகனத்தின் வடிவம் அதை வடிவமைத்தவர்களிடமிருந்து வந்தது. பின்னணி, ஒளி, நிறம் முதலியவற்றை விளம்பரத்தார் பின்னர் சேர்த்தனர். மெஷ்வொர்க்ஸ் தன்னுடையதாகச் சேர்த்தது எதுவுமில்லை. ஆதலால் அவ்வுருவங்களில் பதிப்புரிமை தோன்றவில்லை. கணினி உருவம் எதுவுமே பதிப்புரிமை பெறாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இவ்வுருவங்கள் பெறா என்றே சொல்லிற்று.

இத்தீர்ப்பைக் கொடிதென்று சொல்வாரும் உளர். நூறு மணி நேரம் உழைத்தவனுக்கு ஒன்றுமில்லையா என்று அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே, ஆனால் அது கூலியைப் பற்றிய கேள்வி. பதிப்புரிமை கூலியன்று. அது ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அதற்கப்பால் பல்லாண்டுகளுக்கும் பிறரைத் தடுக்கும் அதிகாரம். அத்தகைய அதிகாரத்தை அளவெடுத்த ஒவ்வொருவருக்கும் வழங்கினால், நமுனுகுலையில் ஒரு ரோலரை முதலில் அளந்தவர் அவ்வகை ரோலர்களுக்கெல்லாம் வாயிற்காவலராகிவிடுவார்.

உழைப்புக்கும் உரிமைக்கும் உள்ள இப்பிணக்கு ஆங்கிலச் சட்டத்திலும் நீண்டகாலம் தீராதிருந்தது. 1900ஆம் ஆண்டில், ரோஸ்பெரி பிரபுவின் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து வெளியிட்ட 'டைம்ஸ்' நிருபர்களுக்கு அவ்வறிக்கைகளில் உரிமையுண்டு என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. பேச்சு ஒருவருடையது, உரிமை மற்றொருவருடையது. உழைப்பே அங்கு அடிப்படையாயிற்று. 1988இல் கோமறைக் கழகத்தின் முன் லெகோ விளையாட்டுக் கட்டிகளைப் பற்றிய வழக்கு ஹொங்கொங்கிலிருந்து வந்தபோது காற்று மாறியிருந்தது. பழைய வரைபடங்களைச் சிறு மாற்றங்களுடன் மறுபடி வரைந்ததனால் புதிய பதிப்புரிமை பிறந்துவிடாது. படியெடுப்பதில் எத்துணைத் திறன் இருப்பினும் படி படியே என்பது அதன் முடிவு. (இலங்கையின் மேன்முறையீடுகளும் 1970களின் தொடக்கம் வரை இக்கழகத்துக்கே சென்றன.) 1991இல் அமெரிக்க உயர்நீதிமன்றமும் தொலைபேசி விவரக்கொத்து ஒன்றைப் பற்றிய வழக்கில், தொகுக்கும் உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது என்று உரைத்தது. மெஷ்வொர்க்ஸ் தீர்ப்பு அவ்வழியே வந்தது.

தோட்டத்துப் பட்டறைகளுக்கு இவற்றினும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. பிரித்தானிய லேலண்ட் கம்பெனியின் மோட்டார் வாகனங்களுக்கான புகைபோக்கிக் குழாய்களை ஆம்ஸ்ட்ரோங் என்னும் நிறுவனம் அளந்து செய்து விற்றது. குழாயைப் பார்த்துக் குழாய் செய்தாலும், அது லேலண்டின் வரைபடத்தைப் படியெடுத்ததாகவே கொள்ளப்படும் என்ற வாதம் பிரபுக்கள் சபையில் 1986இல் ஏற்கப்பட்டது. எனினும் சபையார் அங்கே நின்றுவிடவில்லை. வாகனத்தை வாங்கியவனுக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு. உதிரிப்பாகச் சந்தையைப் பதிப்புரிமையைக் கொண்டு அடைத்துவிட இடங்கொடுப்பதற்கில்லை என்று கூறி ஆம்ஸ்ட்ரோங்கின் பக்கமே தீர்த்தனர். பொறியை வாங்கியவன் பழுதுபார்க்கும் வழியையும் சேர்த்தே வாங்குகின்றான் என்னும் கருத்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குப் புதிதாகத் தோன்றாது.

இனி இலங்கைச் சட்டம். பேர்ண் பதிப்புரிமை உடன்படிக்கையில் இந்நாடு 1959ஆம் ஆண்டிலேயே சேர்ந்தது. 1979இல் புலமைச் சொத்துக்கோவை ஒன்று இயற்றப்பட்டது. அதன் இடத்தை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிடித்தது. இலக்கியம், கலை, விஞ்ஞானம் என்னும் துறைகளில் ஒருவருடைய சொந்தப் புலமைப் படைப்பாக அமைந்தவற்றை இச்சட்டம் காக்கின்றது. வரைபடங்களும், கட்டடக்கலை, விஞ்ஞானம் முதலியவை சார்ந்த முப்பரிமாண ஆக்கங்களும் அவற்றுள் அடங்கும். கருத்து, செய்முறை, தத்துவம், கண்டுபிடிப்பு, வெறுந்தரவு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பில்லை என்பதையும் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. பதிப்புரிமைக்குப் பதிவு வேண்டியதில்லை. ஆக்கம் தோன்றும்போதே உரிமையும் தோன்றும். பொதுவாக அது ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பயன்படு கலைப் படைப்பாயின் ஆக்கப்பட்ட காலத்திலிருந்து 25 ஆண்டுகள்.

லேசர் தந்த புள்ளித்திரள் தரவே அன்றி வேறில்லை. பித்தளை வரம்பு எங்கே இருக்கின்றது என்பதைச் சொல்லும் எண்களின் குவியல் அது. அதில் உரிமை கொண்டாட இடமில்லை. வலையுருவமும் பெரும்பாலும் பொறியே பின்னியது. கனவுருவத்தைப் பற்றித்தான் சிந்திக்க வேண்டும். ஏனெனில் பட்டறையில் நடப்பது டொயோட்டா வாகனத்தை அளந்தது போன்ற நேர்ப்படியெடுப்பன்று. கிடைத்த பாகம் தேய்ந்தது, சில வேளைகளில் உடைந்தது. தேயுமுன் அது எவ்வாறு இருந்திருக்கும் என்பதை ஆக்குபவர் ஊகிக்க வேண்டும். உலோகம் ஆறும்போது சுருங்கும்; பித்தளை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்குவதால், 300 மில்லிமீற்றர் நீளமான வரம்பு வேண்டுமாயின் மாதிரி 304 அல்லது 305 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். வார்ப்பிரும்புக்கு அக்கூடுதல் ஒரு பங்களவே. மணலிலிருந்து மாதிரி சேதமின்றி வெளிவரப் பக்கங்களுக்குச் சிறு சாய்வு கொடுக்க வேண்டும். கடைந்தெடுக்கும் முகங்களுக்குத் தடிப்புக் கூட்ட வேண்டும். இவையெல்லாம் அறிவார்ந்த தெரிவுகள் அல்லவா?

அறிவார்ந்தவைதாம். ஆயினும் அவை பதிப்புரிமை தேடும் தெரிவுகள் அல்ல எனலே பொருந்தும். பித்தளை எவ்வளவு சுருங்கும் என்பதை உலோகம் தீர்மானிக்கின்றது, ஆக்குபவரின் மனம் தீர்மானிப்பதில்லை. தேர்ந்த இருவர் தனித்தனியே செய்தாலும் ஏறத்தாழ ஒரே விடைக்கு வந்து சேர்வர். வரம்பின் வளைவு கொழுந்தைச் சுருட்டும் தொழிலுக்காகவே அமைந்தது. அத்தகைய தொழிற்பயனைக் காப்பதற்கு ஆக்கவுரிமை என்னும் வேறு வழி சட்டத்தில் இருக்கின்றது. அது 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஜாக்சன் காலத்து ஆக்கவுரிமைகள் எப்பொழுதோ காலாவதியாகிவிட்டன. பொருளின் வெளித்தோற்றத்தைக் காக்கும் கைத்தொழில் வடிவமைப்பு உரிமையோ பதிவுசெய்தால் ஐந்தாண்டும், புதுப்பித்தால் மொத்தம் பதினைந்தாண்டும் செல்லும்; தொழிற்பயன் ஒன்றுக்காகவே அமைந்த வடிவத்தை அதுவும் காப்பதில்லை. முன்வாசலில் முடிந்துபோன ஓர் உரிமையைப் பதிப்புரிமை என்ற பின்வாசல் வழியே மீண்டும் கொண்டுவரச் சட்டம் விரும்பாது.

ஆனால், பழைய ரோலரைப் பார்த்து வந்த பொறியியலாளர் அதன் மேசையைப் புதிதாக மாற்றி வடிவமைத்து, விளக்கக் குறிப்புகளோடும் வெட்டுமுகப் படங்களோடும் ஒரு வரைபடத் தொகுதியை ஆக்கினால், அத்தொகுதி அவருடைய படைப்பாக நிற்கத்தக்கது. அப்பொழுதும் காக்கப்படுவது படத்தின் வெளிப்பாடே. அதிலடங்கிய செய்முறை அன்று.

உரிமை ஏதேனும் உண்டென்று கொண்டால், அது யாரைச் சேரும்? சட்டத்தின் விடை பலருக்கு வியப்பளிக்கும். சம்பளத்துக்குப் பணிபுரிபவர் தம் பணியின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தொழில் தருநருக்கு உரியது. பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞனின் ஆக்கம் பட்டறைக்கு. தோட்டக் கம்பெனி சம்பளம் கொடுக்கும் வரைஞரின் ஆக்கம் கம்பெனிக்கு. ஆனால் பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ வேறோரிடத்திலோ பயின்று, லயத்து அறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு தனித்து வேலை ஏற்றுச் செய்யும் ஒருவர் யாருக்கும் சம்பளக்காரர் அல்லர். அவரிடம் பணங்கொடுத்துச் செய்வித்தார் என்பதனால் மட்டும் தோட்டக் கம்பெனி உரிமையாளர் ஆகிவிடாது. உரிமை கைமாற வேண்டுமாயின் எழுத்தும் கையொப்பமும் வேண்டும். 'காசு கொடுத்துவிட்டோம், ஆகவே எங்களுடையது' என்னும் பேச்சு இரும்புக்குப் பொருந்தும், வரைபடத்துக்குப் பொருந்தாது.

தம் பெயர் படைப்பில் குறிக்கப்பட வேண்டும் என்னும் ஒழுக்க உரிமையோ சம்பளக்காரராயினும் ஆக்கியோனையே சாரும். பழைய ஆங்கில வரைபடங்களின் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் ஆகியோரின் முதலெழுத்துகளைக் காணலாம். இன்றைய கோப்புகளில் அந்த மூலை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றது. அதை நிரப்பப் பணம் செலவாவதில்லை.

பதிப்புரிமை இல்லாத உருவத்துக்கு என்ன காவல் என்று பட்டறைக்காரர் கேட்கலாம். ஒப்பந்தமே காவல். கோப்பின் எந்த வடிவம் கையளிக்கப்படும்? வார்ப்புக்கு உதவும் வலையுருவம் மட்டுமா, பின்னர் திருத்தக்கூடிய மூலக்கோப்புமா? தோட்டம் அதைத் தன் தொழிற்சாலைகளுக்கு மட்டும் பயன்படுத்துமா, பிறருக்கும் விற்குமா? பட்டறை அதே உருவத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாமா? பாகம் பொருந்தாமற்போனால் திருத்தும் செலவு யாருடையது? இவற்றை அரைப்பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டால், பருவத்தின் நடுவே வாய்ச்சண்டை எழாது. மூலக்கோப்பைத் தோட்டம் கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம். பட்டறை மூடப்பட்டால், கெயின்ஸ்பரோவுக்கு நேர்ந்த கதியே கோப்புக்கும் நேரும். அளந்தவருக்கு அதற்கேற்ற கூடுதல் விலை கொடுப்பதும் அவ்வளவு முக்கியம். சட்டம் நிரந்தர உரிமை தராத உழைப்புக்கு முதற்கூலியிலேயே முழுமதிப்பும் கிடைத்தாக வேண்டும். நூறு மணி நேர வேலையை 'அளவெடுத்தல்' என்ற ஒரே சொல்லில் அடக்கி, தையற்கடைக் கணக்கில் கூலி பேசுவது வழக்கமாகிவிட்டது, அது நேர்மையன்று.

அளக்கப்படும் பொருள் பொறியாக இல்லாதபோது நிலைமை சற்றே மாறும். 1924இல் பதுளை வரை புகைவண்டி ஓடத் தொடங்கிய பாதையில், தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் அதனை அங்குலம் பிசகாமல் அளந்து கணினி உருவமாக்கினால், அவ்வுருவத்தில் அவருக்குப் பதிப்புரிமை தோன்றுமென்று சொல்வதற்கில்லை. பாலம் எப்படியோ உருவமும் அப்படியே. மற்றொருவர் மாலைப் பனியினூடே வரும் வண்டியையும், கீழே தேயிலைச் சரிவில் கூடையோடு நிற்கும் பெண்களையும் சேர்த்து, வளைவுகளைத் தம் மனம் விரும்பியவாறு நீட்டியும் குறுக்கியும் ஓர் உருவம் சமைத்தால் அது அவருடையதாகும். எல்ல நகரக் கடைகளில் பயணிகளுக்கு விற்கச் சிறு பாலங்கள் செய்வோர் இவ்விரண்டில் எதை எடுத்தாளுகின்றனர் என்பதைப் பொறுத்தே, அவர்கள் யாரிடமாவது அனுமதி பெற வேண்டுமா இல்லையா என்பது அமையும்.